புயலின் சேதமும் நிவாரணத்தின் அளவுகோலும்

வெள்ளம் வடிந்த மறுநாள் ஒரு நெசவாளர் தெருவில் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இருபது தறிகள் இருந்தன. அவற்றுள் பத்து நீரில் மூழ்கிக் கெட்டன. மற்றவருக்கு இருந்தது ஒரே தறி, அதுவும் போயிற்று. இவ்விருவருள் பெருநஷ்டம் அடைந்தவர் யார்? ரூபாய்க் கணக்கில் பார்த்தால் முன்னவர். அடுத்த வேளை அடுப்பெரியுமா என்று கேட்டால் பின்னவர். இரண்டு விடைகளும் பொய்யல்ல. ஆயினும், நிவாரணப் பணம் எந்த விடையைப் பின்பற்றிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் எழுவதும் வீழ்வதும் அமைகின்றன.

எளியதாகத் தோன்றும் இவ்வினா, உலகின் பெருஞ்செல்வ நாடாகிய அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டசபைகளைப் பல ஆண்டுகளாகக் கலக்கி வந்திருக்கிறது. எந்தப் புயல் பெரியது, எந்த மக்கள் அதிகம் துன்புற்றனர், யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கொடுத்தனர் என்று அங்கு எழுந்த விவாதம் நம் அங்கத்தினர்களும் அறிந்து சிந்திக்கத் தக்கது. ஆதலின் அதனை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம்.

இரண்டு புயல்கள்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரினா என்னும் புயல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களின் கரையைத் தாக்கிற்று. அப்போது காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 125 மைல். எனினும் நியூ ஆர்லியன்ஸ் நகரை அழித்தது காற்றன்று, நீரே. மத்திய அரசாங்கத்தின் ராணுவப் பொறியியல் படையினர் அமைத்திருந்த வெள்ளத் தடுப்புக் கரைகளும் சுவர்களும் பல இடங்களில் உடைந்தன. நகரின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பாகம் நீரில் ஆழ்ந்தது; அந்நீர் வடியப் பல வாரங்கள் ஆயின. இறந்தோர் 1,833 பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பின்னர், 2023இல், தேசியப் புயல் ஆய்வு நிலையம் அதனை 1,392 எனத் திருத்தியது.

ஏழாண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், சாண்டி என்னும் புயல் நியூ ஜெர்சியில் கரையேறிற்று. வேகம் மணிக்குச் சுமார் 80 மைல்தான். ஆனால் அதன் விரிவு ஏறத்தாழ ஆயிரம் மைல். ஜனநெருக்கம் மிக்க பிரதேசத்தில் கடல் பொங்கி உட்புகுந்தது. நியூயார்க் நகரின் சுரங்க ரயில் பாதைகளில் கடல்நீர் நிறைந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கெரியவில்லை. ஐக்கிய நாட்டில் புயல் நேரடியாகக் கொன்றவர்கள் 72 பேர். மின்சாரமின்றிக் குளிரில் விறைத்தும், இருளில் தடுக்கி விழுந்தும், மின் உற்பத்தி இயந்திரத்தின் நச்சுப்புகையாலும், பிற காரணங்களாலும் பின்னர் மடிந்தவர்கள் குறைந்தது 87 பேர்.

பொருட்சேதத்தைப் பார்ப்போம். அப்புயல் நிலையத்தின் பட்டியல்படி கத்ரினாவின் சேதம் 12,500 கோடி டாலர். சாண்டியின் சேதம் 6,500 கோடி டாலர். இவை அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பில் சொல்லப்பட்டவை.

பத்து நாளும் தொண்ணூற்றிரண்டு நாளும்

கத்ரினா தாக்கிய நான்காம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் 1,050 கோடி டாலரையும், பத்தாம் நாள் மேலும் 5,180 கோடி டாலரையும் ஒதுக்கிற்று. இரண்டாவது தொகையைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் பதினொருவரே.

சாண்டியின் கதை வேறு. ஜனாதிபதி ஒபாமா டிசம்பரில் 6,040 கோடி டாலர் கோரினார். அம்மாதம் 28ஆம் நாள் செனட் சபை இசைந்தது. பிரதிநிதிகள் சபையோ வாக்கெடுப்பு நடத்தாமலே தன் தொடரை முடித்துக்கொண்டது. நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியும், நியூயார்க்கைச் சேர்ந்த பிரதிநிதி பீட்டர் கிங்கும் தம் சொந்தக் கட்சித் தலைவர்களையே வெளிப்படையாகக் கண்டித்தனர். அதன்பின் 2013 ஜனவரி 4ஆம் நாள் வெள்ள இன்ஷூரன்ஸ் நிதிக்கு 970 கோடி டாலர் கடன் அதிகாரம் கிடைத்தது. ஜனவரி 15ஆம் நாள் 5,050 கோடி டாலர் மசோதா 241க்கு 180 என்ற வாக்குகளில் நிறைவேறிற்று. ஜனாதிபதி கையொப்பமிட்ட ஜனவரி 29, புயல் தாக்கிய தொண்ணூற்றிரண்டாம் நாளாகும்.

எதிர்த்தவர்கள் கூறிய வாதங்களையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. நாட்டின் கடன் பெருகிக் கிடக்கையில், புதிய செலவுக்கு ஈடாக வேறு செலவைக் குறைக்க வேண்டும் என்றனர். தென் கரோலினாவின் மிக் மல்வேனி அவ்வாறே திருத்தம் கொணர்ந்தார், அது தோற்றது. செனட் மசோதாவில் தொலைவிலுள்ள அலாஸ்காவின் மீன்பிடித் தொழிலுக்குக்கூடப் பணம் சேர்க்கப்பட்டிருந்ததையும், தொகையின் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்தே செலவாகும் என்பதையும் சுட்டிக் காட்டினர். இவை அற்பமான ஆட்சேபங்கள் அல்ல. அவசரத்தின் பெயரால் வேறு செலவுகள் உள்ளே நுழைவதுண்டு என்பது உண்மையே. ஆனால், சிக்கனத்தின் இலக்கணத்தை வகுக்க வேண்டிய காலம் மழை பெய்யாத காலமாகும். கூரையிழந்தவன் வாசலில் நிற்கையில் அதனை வகுக்கத் தொடங்கினால், சிக்கனத்தின் விலையை அவன் ஒருவனே செலுத்த நேரிடும்.

ஒப்பிட்டவர்கள் இடறிய இடம்

இத்தாமதத்தால் வெகுண்ட செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், 2013 ஜனவரி 4ஆம் நாள் பேசுகையில், சாண்டியால் வடகிழக்கு மக்கள் பட்ட துயரத்தின் முன் நியூ ஆர்லியன்ஸ் மக்கள் பட்டது ஒன்றுமேயில்லை என்னும் பொருள்படக் கூறிவிட்டார். லூசியானா கொதித்தெழுந்தது. மூன்று நாள் கழித்து, தாம் தவறாகப் பேசிவிட்டதாக அவர் வருத்தம் தெரிவித்தார். ஒருவருக்கு நியாயம் தேடப் புறப்பட்டவர் மற்றொருவரின் மரணங்களைச் சிறுமைப்படுத்த நேர்ந்தது. அவருடைய உண்மையான வாதம், அன்று சில நாட்களில் செய்ததை இன்று இரண்டு மாதமாகியும் செய்யவில்லை என்பதே. அதற்குத் துயரங்களை எடைபோட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு நியூயார்க் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ எண்களைக் கொண்டு ஒப்பிட்டார். இறந்தோர் தொகை கத்ரினாவில் மிக அதிகம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயின் நியூயார்க்கில் சேதமுற்ற அல்லது அழிந்த வீடுகள் 3,05,000 என்றும், 2005இல் லூசியானாவில் 2,14,700 என்றும் எடுத்துக் காட்டினார்.

இக்கணக்கைச் சற்று நின்று ஆராய்வோம். முதலாவது, சேதமுற்ற வீடும் அழிந்த வீடும் ஒரே தொகையில் அடங்கியுள்ளன. கீழறையில் நீர் புகுந்த வீடும், அடித்தளம் மட்டுமே எஞ்சிய வீடும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். இரண்டாவது, நியூயார்க் மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 95 லட்சம். லூசியானாவின் ஜனத்தொகை அப்போது சுமார் 45 லட்சம். ஆகவே நியூயார்க்கில் ஏறத்தாழ 64 பேருக்கு ஒரு வீடும், லூசியானாவில் ஏறத்தாழ 21 பேருக்கு ஒரு வீடும் பாதிக்கப்பட்டன. அதே எண்களிலிருந்து இரண்டு நேர்மாறான முடிவுகள் பிறக்கின்றன. இருபது தறிக்காரரும் ஒற்றைத் தறிக்காரரும் இங்கே மீண்டும் நம் முன் நிற்கின்றனர்.

புயலுக்கு இடும் பெயர்கூடப் பணத்தை இடம் மாற்றவல்லது. கரையேறும் தருணத்தில் சாண்டி வெப்பமண்டலப் புயலின் இயல்பை இழந்துவிட்டதாக வானிலை அறிஞர்கள் வகைப்படுத்தினர். அங்குள்ள பல வீட்டு இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்களில், பெரும்புயல் என அறிவிக்கப்பட்டால் சேதத்தின் முதற்பகுதியில் பெருந்தொகையை வீட்டுக்காரரே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சாண்டி அவ்வகுப்பில் சேராமையால் அந்நிபந்தனை செல்லாது என நியூயார்க், நியூ ஜெர்சி முதலிய மாநிலங்கள் அறிவித்தன. காற்றும் நீரும் அதேதான். சொல் மாறியதால் சுமை மாறிற்று.

உதவி வரும் வழி

அமெரிக்காவில் நிவாரணம் எவ்வழியில் வருகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டத்தின்படி, மாநிலக் கவர்னர் விண்ணப்பிப்பார். ஜனாதிபதி பேரிடர் என அறிவிப்பார். அதன்பின் 'ஃபெமா' எனப்படும் மத்திய அவசர நிர்வாக நிறுவனம் பணம் வழங்கும். சாலை, பாலம், பள்ளி முதலியவற்றைச் சீராக்கும் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசாங்கம் ஏற்கும். கத்ரினாவுக்குப் பின் லூசியானாவின் பங்கு முழுவதையும் மத்திய அரசாங்கமே ஏற்றது. சாண்டிக்கு 90 சதவீதம் ஏற்றது. சட்டத்தில் உள்ளது குறைந்த அளவே; அதற்கு மேற்பட்டதெல்லாம் வாதாடிப் பெறுவது. ஒப்பீடுகள் இத்துணைச் சூடாக எழுவதன் காரணம் இதுவே.

இங்கு நம்மனோர் அறிய வேண்டிய செய்தியொன்றுண்டு. லாபநோக்குள்ள தனியார் மின்சாரக் கம்பெனிகளுக்கு இப்பழுதுபார்ப்பு உதவி கிடையாது. கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களோ லாபநோக்கற்றவையாதலின் அதற்கு உரியவை. கத்ரினா மிசிசிப்பியின் தென்பகுதியில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாநிலங்களின் கூட்டுறவு மின்சங்கங்கள் தம் தொழிலாளரையும் வண்டிகளையும் அனுப்பித் துணைநின்றன. எந்த மாநிலம் அதிகம் துன்புற்றது என்ற பட்டிமன்றத்திற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. உதவிக்குரிய ஒப்பந்தம் முன்னரே இருந்தது, அழைப்பு வந்தது, புறப்பட்டனர்.

வெள்ள இன்ஷூரன்ஸ் மற்றொரு வழி. 1968இல் மத்திய அரசாங்கம் அதனைத் தொடங்கிற்று. சாதாரண ஆண்டுகளில் சந்தாப் பணமே போதுமாயிற்று. கத்ரினா வந்ததும் நிதி வறண்டது. கடன் வரம்பு 2,000 கோடி டாலருக்கு மேல் உயர்த்தப்பட்டது. சாண்டிக்காக அது மேலும் உயர்ந்தது. 2017இல் 1,600 கோடி டாலர் கடனைக் காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. அபாயத்திற்குத் தக்க சந்தா வாங்கினால் ஏழைகளால் கட்ட இயலவில்லை. குறைவாக வாங்கினால் நிதி நிலைக்கவில்லை. இச்சிக்கலுக்கு எளிய விடை எவரிடமும் இல்லை.

வீட்டின் விலையா, வீடு கட்டும் செலவா?

மாநிலங்களுக்கிடையே மட்டும் இவ்வழக்கு நடப்பதாக எண்ணலாகாது. ஒரே நகருக்குள்ளும் அது நடந்தது. கத்ரினாவுக்குப் பின் லூசியானா மாநிலம் மத்திய நிதியைக் கொண்டு வீடிழந்தோருக்கு உதவும் பெருந்திட்டமொன்றை நடத்திற்று. ஒரு வீட்டுக்கு உச்சத்தொகை 1,50,000 டாலர். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை என்ன, பழுதுபார்க்கும் செலவு என்ன என்று பார்த்து, இரண்டில் குறைந்ததையே கணக்கின் அடிப்படையாகக் கொண்டனர்.

விதி நடுநிலையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஓர் உதாரணம் கொள்வோம். ஒரே அளவில், ஒரே மரத்தால் கட்டிய இரண்டு வீடுகள். ஒவ்வொன்றையும் செப்பனிட 1,50,000 டாலர் வேண்டும். செல்வர் வாழும் தெருவிலுள்ள வீட்டின் சந்தை விலை 1,50,000 டாலர்; ஏழைகள் வாழும் தெருவிலுள்ள வீட்டின் விலை 60,000 டாலர். முன்னவர் முழுச் செலவையும் பெறலாம். பின்னவரோ 60,000 டாலருக்கு மேற்பட்ட தொகையை அடிப்படையாகக் கொள்ள முடியாது. ஆணியும் பலகையும் தச்சர் கூலியும் தெருவுக்குத் தெரு மலிவதில்லை. நியூ ஆர்லியன்ஸில் விலை குறைந்த தெருக்களில் பெரும்பாலும் வசித்தவர்கள் கறுப்பின மக்கள். ஆகவே சில வீட்டுக்காரர்களும், வீட்டுரிமையில் சமநீதிக்காக உழைக்கும் அமைப்பொன்றும் 2008இல் வழக்குத் தொடுத்தனர். 2011இல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 6 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அதற்குள் புயல் அடித்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன.

நியூ ஆர்லியன்ஸின் ஜனத்தொகை 2000ஆம் ஆண்டில் சுமார் 4,85,000. 2010ஆம் ஆண்டில் சுமார் 3,44,000. திரும்பாதவர் யாவரும் ஒரே காரணத்தால் திரும்பவில்லை என்று கூற இயலாது. எனினும் வீட்டைக் கட்டப் பணமில்லாதவன் திரும்புவதற்கு இடமேது?

2017: விவாதம் திரும்பி வந்தது

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்ஸஸ் மாநிலத்தை வெள்ளக்காடாக்கிற்று. சாண்டி மசோதாவை எதிர்த்து வாக்களித்த டெக்ஸஸ் உறுப்பினர் பலர் இப்போது உதவி கோர வேண்டியவராயினர். வடகிழக்கு மக்கள் பழைய கணக்கை மறக்கவில்லை. ஆயினும் பீட்டர் கிங், டெக்ஸஸைத் தாம் கைவிடப் போவதில்லை என்று அறிவித்தார். இரு வாரங்களில் 1,525 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பழிக்குப் பழி வாங்காமை இவ்வரலாற்றில் பாராட்டத் தக்க செயல் என்றே கருதுகிறோம்.

ஆனால் செப்டம்பர் 20ஆம் நாள் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவை நாசமாக்கிற்று. அத்தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்களாயினும், காங்கிரஸில் வாக்களிக்கும் உறுப்பினர் அவர்களுக்கு இல்லை. அக்டோபர் 3ஆம் நாள் அங்குச் சென்ற ஜனாதிபதி டிரம்ப், கத்ரினாவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்றும், இங்கு மாண்டவர் 16 பேரே என்றும் ஒப்பிட்டு, பெருமைப்படலாம் என்றார். அன்று மாலையே அத்தொகை 34 ஆயிற்று. டிசம்பரில் 64 ஆயிற்று. மருத்துவமனைகளில் மின்சாரமின்றியும் மருந்தின்றியும் மாதக்கணக்கில் நிகழ்ந்த மரணங்களை ஒரு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். அதன்பின் 2018 ஆகஸ்டில் தீவின் அரசாங்கம் 2,975 என்ற மதிப்பீட்டை ஏற்றது.

எண்ணி முடியாத எண்ணை வைத்து ஒப்பிட்டதன் விளைவு இது. புயலின் முதல் வாரத்தில் கிடைக்கும் மரணக் கணக்கு, எண்ணுவோர் சென்றடைந்த இடங்களின் கணக்கேயன்றி வேறன்று. பாதை அடைபட்ட மலையூரில் இறந்தவர் அதில் இரார். எங்கு நிர்வாகம் மிகவும் நிலைகுலைந்ததோ, அங்கிருந்தே எண்கள் மிகவும் தாமதமாக வரும். அவ்வெண்களைப் பார்த்து உதவியை அளந்தால், அதிகம் துன்புற்றவனுக்கே குறைவாகக் கிட்டும்.

நாம் கொள்ளும் முடிவு

ஒப்பிடுதலே கூடாது என்று நாம் கூறவில்லை. பொதுப்பணத்தைப் பங்கிடுவோர் அளந்தே ஆகவேண்டும். அளவையின்றிக் கொடுப்பது, உரத்துக் கூவுபவனுக்கே கொடுப்பதாக முடியும். ஆனால் அளப்பதற்கு மூன்று நெறிகள் வேண்டும்.

முதலாவது, எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிர், பொருள், பிழைப்பு, காலம் ஆகிய நான்கும் நான்கு வேறு தராசுகள். ஒன்றின் எடையை மற்றொன்றின் தட்டில் வைக்கலாகாது.

இரண்டாவது, போன பொருளின் விலையோடு, அது ஒருவனது வாழ்வில் எத்தனை பங்கு என்பதையும், மீண்டும் உண்டாக்க எவ்வளவு ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இருபதாண்டு உழைத்த தறிக்குச் சந்தையில் விறகு விலைதான் மதிப்பிடுவர். அதே வேலையைச் செய்யப் புதுத்தறி வாங்கப் புகுந்தால் அதன் விலை வேறு.

மூன்றாவது, விதி புயலுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னர் எழுதப்படும் விதியில் கட்சியும் மாநிலமும் பழைய பகையும் புகுந்துவிடும் என்பதற்கு அந்தத் தொண்ணூற்றிரண்டு நாட்களே சான்று.

இவற்றுள் மூன்றாவது நெறியில் நாமும் ஒரு பங்கு செய்யக்கூடும். எந்த அரசாங்கம் எந்த விதியைக் கொண்டு வந்தாலும், சேதத்தை மதிப்பிட வருகிறவர் முதலிற் கேட்பது, முன்னர் என்ன இருந்தது என்பதே. உறுப்பினர் ஒவ்வொருவரின் தறி எத்தனை, அவை எத்தகையவை, கையிருப்பு நூல் எவ்வளவு, பயிரிட்ட நிலம் எவ்வளவு, அதில் நின்ற பயிர் யாது என்று ஆண்டுதோறும் சங்கப் பதிவேட்டில் குறித்து, பிரதியொன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்தி வைத்தால், அச்சிறு ஏடு ஆபத்துக்காலத்தில் அவர்களுக்காகப் பேசும். ஒற்றைத் தறிக்காரரின் பெயரும் அதில் இருக்கும். இருபது தறிக்காரரின் பெயரும் இருக்கும். யாருடைய கண்ணீர் அதிகம் என்று எவரும் வாதாட வேண்டியதில்லை. ஏட்டைத் திறந்து பார்த்தால் போதும்.